திராம்ப்ளே: ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் வரலாறு

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் நூறு பேர் கூடியிருக்கும் ஓரிடத்திற்குச் சென்று, "இங்கே திராம்ப்ளே யார்?" என்று கேட்டால், அநேகமாக ஒருவராவது எழுந்து நிற்பார். 2006ஆம் ஆண்டு அம்மாநிலப் புள்ளிவிவர நிறுவனம் வெளியிட்ட குடும்பப் பெயர்ப் பட்டியலில் முதலிடம் பெற்றது இப்பெயரே. கான்யோன், ருவா, கோத்தே, புஷார் ஆகியவை அடுத்தடுத்து நின்றன. ஆனால் வியப்பு இந்த எண்ணிக்கையில் இல்லை. ஒரு பெயரைப் பலர் சூடியிருப்பது உலகெங்கும் காணும் காட்சிதான். கியூபெக்கில் வாழும் திராம்ப்ளே குடும்பத்தார் அத்தனை பேரும் ஒரே ஒரு தம்பதியின் வழிவந்தவர்கள் என்பதே வியப்பு. அந்தத் தம்பதி யார், எங்கிருந்து வந்தார்கள், எப்பொழுது திருமணம் செய்துகொண்டார்கள் என்பதற்கெல்லாம் எழுத்து மூலமான சான்று இருக்கிறது. அந்தச் சான்றின் துணைகொண்டு மருத்துவர்கள் இன்று நோய்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு பெயர் எப்படி இத்தனைக்கும் வழிகாட்டியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் குடும்பப் பெயர் என்றால் என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் பெயருக்கு முன்னால் தந்தையின் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். பாட்டனாரின் பெயரை அதிலிருந்து அறிய முடியாது. பிரெஞ்சுக்காரர்களின் குடும்பப் பெயரோ தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கும், மகனிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்கும் மாறாமல் இறங்கிவருவது. அவர்களுக்கும் தொடக்கத்திலேயே இப்படி இருந்ததில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பிரான்சு நாட்டுக் குடியானவனுக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் ஒன்றே பெயர். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் ஊர்களும் சந்தைகளும் பெருகின, மக்கள்தொகை கூடியது. ஒரே ஊரில் ஐந்து பியேர், ஆறு ஜான் என்றானபோது, எந்த பியேர் என்று கேட்க வேண்டியதாயிற்று. அந்தக் கேள்விக்கான விடைகளே குடும்பப் பெயர்கள்.

விடை நான்கு வகையில் வந்தது. தந்தையின் பெயரைச் சொன்னார்கள். மார்த்தென், பெர்னார், தொமா என்பன அப்படி வந்தவை. தொழிலைச் சொன்னார்கள், லெஃபெவ்ர் என்றால் கொல்லர், மென்யே என்றால் மாவு ஆலைக்காரர், ஃபூர்னியே என்றால் ஊர்ப்பொது அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். உருவத்தையோ நிறத்தையோ சொன்னார்கள். ப்தி என்றால் சிறியவர், ரூ என்றால் செம்பட்டை முடிக்காரர். நான்காவதாக, அவர் வீடு எங்கே இருக்கிறது என்று சொன்னார்கள். துய்போன் என்றால் பாலத்தடிக்காரர், துய்புவா என்றால் காட்டோரத்தார். பட்டப்பெயர் வைப்பதில் எந்த நாட்டுக் கிராமமும் சளைத்ததில்லை என்பது இதிலிருந்து விளங்கும்!

திராம்ப்ளே இந்த நான்காவது வகையைச் சேர்ந்தது. பிரான்சில் 'திராம்ப்ள்' என்றொரு மரம் உண்டு. குளிர் நாடுகளில் வளரும் பாப்ளார் இனத்தைச் சேர்ந்தது. தீக்குச்சி செய்ய ஏற்ற மென்மரம். 'நடுங்குவது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு அப்பெயர் வந்தது. மற்ற மரங்கள் அசையாமல் நிற்கும் நேரத்திலும் இதன் இலைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். நம் அரசமரத்தின் இலைச் சலசலப்பைக் கேட்டவர்களுக்கு இது புரியும். இயேசுவின் சிலுவை இம்மரத்தால் செய்யப்பட்டது என்றும், அந்தத் துயரத்தால் அது இன்றளவும் நடுங்குகிறது என்றும் ஐரோப்பியக் கிராமத்தார் ஒரு பழங்கதை சொல்வார்கள். கதை உருக்கமானதுதான், ஆனால் காரணம் இலைக்காம்பில் இருக்கிறது. இம்மரத்தின் இலைக்காம்பு உருண்டையாக இராமல் பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால், சிறு காற்றும் இலையைத் திருப்பிவிடுகிறது. இம்மரங்கள் கூட்டமாக நிற்கும் தோப்புக்குத் திராம்ப்ளே என்று பெயர். அத்தகைய தோப்பின் பெயரால் அமைந்த ஊர்கள் பிரான்சில் பல உண்டு. அவ்வூர்களிலிருந்து வந்தவர்களும், தோப்பருகே குடியிருந்தவர்களும் அப்பெயரால் அழைக்கப்பட்டனர். ஆகவே பிரான்சு நாட்டுத் திராம்ப்ளேகள் பல வேர்களிலிருந்து முளைத்தவர்கள். ஒருவருக்கொருவர் உறவினர் ஆகவேண்டும் என்பதில்லை. ஒரே வேர் என்பது கியூபெக் திராம்ப்ளேகளுக்கே பொருந்தும்.

வாய்வழக்காக இருந்த பெயர்கள் எப்படி நிலைபெற்றன? பங்குக் கோவில்களின் பதிவேடுகளால்தான். 1539ஆம் ஆண்டு பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சுவா வில்லேர்-கோத்ரே என்ற ஊரில் பிறப்பித்த ஆணை, ஞானஸ்நானங்களைப் பதிவு செய்யும்படி பங்குக் குருக்களைப் பணித்தது. 1563ஆம் ஆண்டில் திரிதெந்தின் பொதுச்சங்கம் திருமணங்களைக் குருவின் முன்னும் சாட்சிகள் முன்னும் நடத்திப் பதிவு செய்ய வேண்டும் என்று விதித்தது. 1579ஆம் ஆண்டு பிரான்சில் வெளியான புளுவா ஆணை திருமணத்தையும் அடக்கத்தையும் அரசுச் சட்டத்திலும் சேர்த்தது. பேச்சில் மாறிக்கொண்டிருந்த பெயர் ஏட்டில் ஏறியதும் கெட்டிப்பட்டுவிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1794ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் சூடலாகாது என்று முடிவாகக் கூறிவிட்டது.

இந்தப் பிரெஞ்சு வழக்கம் நம் மண்ணையும் ஒரு சமயம் தொட்டது. புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வெளியான ஆணைப்படி, தம் சாதி சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட தமிழர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'வாயில்' என்று பொருள்படும் லாப்போர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். பிரான்சில் பல நூற்றாண்டுகளில் மெல்ல உருவான ஒன்றை, புதுச்சேரியில் ஒரு நாளில் ஒரு கையெழுத்தில் முடித்தார்கள்.

இனி நம் கதைத் தலைவருக்கு வருவோம். பியேர் திராம்ப்ளே 1626ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சின் வடமேற்கே பெர்ஷ் என்ற சிறு மாகாணத்தில், ராந்தொனே என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையின் பெயர் ஃபிலிபேர். காடும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த பகுதி அது. பெர்ஷரோன் என்ற புகழ்பெற்ற வண்டிக் குதிரைகள் அங்கிருந்து வந்தவை. அந்தப் பெர்ஷ் மாகாணத்து ரொபேர் ஜிஃபார் என்ற மருத்துவர் 1634ஆம் ஆண்டில் கியூபெக் நகருக்கருகே போப்பொர் என்ற நிலப்பகுதியைப் பெற்றுத் தம் ஊர்க்காரர்களைக் குடியேற்றத் தொடங்கினார். ஒருவர் போய்ச் சேர்ந்து கடிதம் போட்டால் உறவினரும் அண்டைவீட்டாரும் பின்தொடர்வது எக்காலத்திலும் உள்ளதுதானே! 1647ஆம் ஆண்டு பியேரும் கப்பலேறினார். பெர்ஷிலிருந்து போனவர்கள் மொத்தத்தில் சில நூறு பேருக்கு மேல் இரார். ஆனால் முதலில் போனவர்கள் என்பதால் அவர்களுடைய சந்ததி பெருகியது.

பத்தாண்டுகள் உழைத்த பின், 1657ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கியூபெக்கில் பியேர் மணம் முடித்தார். மணப்பெண் ஒசான் ஆஷோன். பிரான்சின் மேற்குக் கடற்கரையில் லா ரொஷேல் துறைமுகத்திற்கு அருகிலுள்ள ஷாம்போன் என்ற ஊரைச் சேர்ந்தவர்; அப்போது வயது இருபத்துநான்கு அளவில். அரசரின் செலவில் பெண்கள் கூட்டங்கூட்டமாகக் கனடாவுக்கு அனுப்பப்பட்டது 1663 முதல் 1673 வரை. 'அரசரின் புதல்விகள்' என்று வரலாறு அழைக்கும் அவர்கள் ஏறக்குறைய எண்ணூறு பேர். ஒசான் அதற்கும் முன்னரே, அரச உதவி ஏதுமின்றி அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்தவர். அந்நாளில் அந்தப் பயணம் இரண்டு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். வழியில் நோயால் மடிந்தவர்கள் பலர். வந்து சேர்ந்த இடத்தில் ஆறே உறைந்துபோகும் குளிர். அந்தக் குளிரில், மரத்தால் கட்டிய வீட்டில் அவர் பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். திராம்ப்ளே குடும்பத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பியேரில் தொடங்குவது வழக்கம். ஒசானிலும் தொடங்கலாம் என்பது நம் கருத்து.

குடும்பம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வடகரையில், போப்ரே கரை என்னுமிடத்தில், லாஞ்ச் கார்தியன் பங்கில் வாழ்ந்தது. லாஞ்ச் கார்தியன் என்றால் காவல் சம்மனசு என்று பொருள். ஒவ்வொரு குடும்பத்தின் நிலமும் ஆற்றை ஒட்டிக் குறுகலாகத் தொடங்கி உள்நோக்கி நீளமாகச் செல்லும். ஆறுதான் சாலை, எல்லோருக்கும் ஆற்றுமுகம் வேண்டுமல்லவா? இப்படி நீளப் பட்டைகளாகப் பிரித்த நிலத்தை மேலும் பத்துப் பிள்ளைகளுக்குப் பிரிக்க முடியாது. ஆகவே பிள்ளைகள் பெரியவர்களானதும் புது நிலம் தேடிச் சென்றார்கள்.

பியேர்-ஒசான் தம்பதியின் மகன்களில் பியேர், மிஷேல், ஷாக், லூயி என்ற நால்வர் மணம் செய்து குடும்பம் வளர்த்தனர். கியூபெக்கின் திராம்ப்ளேகள் யாவரும் இந்த நால்வரில் ஒருவரின் வழியினர். தந்தையின் பெயரையே தாங்கிய மகன் பியேர், ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஷார்ல்வுவா என்று பின்னாளில் பெயர்பெற்ற மலைநாட்டில் லேஸெபுல்மான் என்ற ஊரின் நிலக்கிழார் ஆனார். லேஸெபுல்மான் என்றால் மண்சரிவுகள். 1663ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் அங்கே மலை சரிந்து ஆற்றில் விழுந்ததால் வந்த பெயர். பக்கத்திலேயே சின்னப்பர் விரிகுடா என்று பொருள்படும் பே-சேன்-போல் என்ற ஊர் உண்டு. குன்றுகளுக்கு நடுவே அடைபட்ட அப்பகுதியில், வெளியார் வரவு குறைவாகவும் பிறப்பு மிகுதியாகவும் இருந்ததால், ஒன்றேகால் நூற்றாண்டில் நிலம் போதாமல் போயிற்று. 1838ஆம் ஆண்டு, 'இருபத்தொருவர் சங்கம்' என்று பெயர் பெற்ற ஒரு கூட்டத்தார் ஷார்ல்வுவாவிலிருந்து புறப்பட்டு வடக்கே சாகனே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மரம் வெட்டிக் குடியேறினர். குடியேறிய குடும்பங்களோடு திராம்ப்ளே என்ற பெயரும் அங்கே சென்றது. இன்றும் அப்பெயர் மிக அடர்ந்து காணப்படுவது ஷார்ல்வுவாவிலும் சாகனேயிலும்தான்.

1840 முதல் 1930 வரை ஏறக்குறைய ஒன்பது இலட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் வேலை தேடி அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குப் போனார்கள். பெரும்பாலோர் நியூ இங்கிலாந்தின் நெசவாலைகளுக்குச் சென்றவர்கள். அங்கே ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுத, திராம்ப்ளே 'டிராம்ப்லி' ஆயிற்று. பெயரில் எழுத்து மாறினாலும் வேர் மாறவில்லை.

இவ்வளவும் உறுதியாகத் தெரிவது எப்படி என்று கேட்கலாம். கனடாவில் குடியேறிய பிரெஞ்சு மக்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் பங்கு ஏடுகளில் முறையாக எழுதப்பட்டன. இரண்டு பிரதிகள் எடுத்து ஒன்றை அரசிடம் கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. ஒன்று அழிந்தாலும் மற்றொன்று இருக்கும். 1640ஆம் ஆண்டு கியூபெக் நகரக் கோவில் தீப்பற்றி எரிந்தபோது அதுவரை எழுதிய ஏடுகள் சாம்பலாயின. அப்போது குருக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? யார் யாருக்கு எப்போது ஞானஸ்நானம் கொடுத்தோம், யாரை மணம் முடித்து வைத்தோம் என்று நினைவிலிருந்தே அத்தனையையும் மீண்டும் எழுதினார்கள்! குடியேற்றம் அவ்வளவு சிறியது. 1666ஆம் ஆண்டு ஷான் தலோன் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி நூவெல் பிரான்சில் குடியேறியிருந்த ஐரோப்பியர் 3,215 பேரே.

இந்த ஏடுகளில் மற்றொரு நன்மையும் உண்டு. நம் போன்ற பெண்கள் பள்ளியினர் கவனிக்கத்தக்கது அது. மணமான பெண்ணைக் கணவன் பெயரால் குறிக்காமல் அவள் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறித்தார்கள். ஒசான் மணமாகி ஐம்பது ஆண்டுகள் கழித்து 1707ஆம் ஆண்டு மறைந்தபோதும் அவர் ஒசான் ஆஷோன்தான். இங்கிலாந்து நாட்டு ஏடுகளில், மணமான பெண்ணின் பிறந்த வீடு எது என்று தெரியாமல் ஆராய்ச்சியாளர்கள் திகைத்து நிற்பது உண்டு. கியூபெக்கில் தாய்வழியையும் தந்தைவழியையும் ஒன்றுபோலவே பின்தொடர்ந்து செல்லலாம்.

மாண்ட்ரீல் பல்கலைக்கழகத்தார் 1966ஆம் ஆண்டு முதல் இந்த ஏடுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கினர். சாகனே பகுதியில் 1972ஆம் ஆண்டு வரலாற்றறிஞர் ஷெரார் புஷார் தொடங்கிய 'பால்சாக்' என்ற தொகுப்பும் உண்டு. பல இலட்சம் பதிவுகளைக் குடும்பம் குடும்பமாக இணைத்தபோது சில கணக்குகள் திகைக்க வைத்தன. பியேருக்கு முன்னரே பெர்ஷிலிருந்து வந்த சக்கரி குளூத்தியே என்ற தச்சருக்கு, 1800ஆம் ஆண்டுக்குள் மணமான சந்ததியார் மட்டும் 10,850 பேர்! மகள்வழியையும் சேர்த்த கணக்கு இது. குளூத்தியே என்ற பெயரைச் சூடியவர்கள் இதில் ஒரு சிறு பகுதியே.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுடையது. நமக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், அவர்களின் பெற்றோர் எண்மர். இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் பன்னிரண்டாம் தலைமுறையில் 4,096 இடங்கள். 1657ஆம் ஆண்டுத் திருமணத்திலிருந்து இன்றுவரை ஏறக்குறைய பன்னிரண்டு தலைமுறைகள். ஆகவே இன்றைய திராம்ப்ளே ஒருவருக்குப் பெயர் கொடுத்தவர் அந்த 4,096 பேரில் ஒருவரே. மீதி 4,095 பேரின் பெயர்கள் மறைந்துவிட்டன. ஆயினும் சிறு சமுதாயத்தில் அத்தனை வெவ்வேறு ஆட்கள் இருக்க முடியாதாகையால், ஒரே முன்னோர் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவார். சாகனேயில் புஷார் என்றோ கான்யோன் என்றோ பெயர் கொண்ட ஒருவரும் பல வழிகளில் பியேருக்கும் ஒசானுக்கும் பேரப்பிள்ளையாக இருப்பது சாதாரணம்.

அடுத்து உயிரியலுக்கு வருவோம். ஆணின் உடல் உயிரணுக்களில் ஒய் குரோமோசோம் என்ற ஒன்று உண்டு. அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும், பெரும்பாலும் மாற்றமின்றி, இறங்குகிறது. குடும்பப் பெயர் செல்லும் பாதையும் அதுவே. ஆகவே ஒரே மூதாதையின் பெயரைத் தாங்கிய ஆண்களிடம் ஒரேவகை ஒய் குரோமோசோம் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு அறிஞர் பிரையன் சைக்ஸ் இதைத் தம் சொந்தக் குடும்பப் பெயரிலேயே சோதித்துப் பார்த்தார். ஒருவரையொருவர் அறியாத சைக்ஸ் என்ற பெயர்க்காரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஒரே வகை அமைந்திருந்தது. மீதிப் பேரின் வழியில் எங்கோ ஒரு தத்துப்பிள்ளையோ, பெயர் மாற்றமோ, வேறு காரணமோ குறுக்கிட்டிருக்கும். மார்த்தென் போன்ற பெயரில் இந்தச் சோதனை பலிக்காது. தூர் நகரத்துப் புனித மார்த்தீனின் புகழால் நாடெங்கும் ஆயிரக்கணக்கான தந்தையர் அப்பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டார்கள். பிரான்சில் மிக அதிகமானோர் சூடியுள்ள குடும்பப் பெயர் அதுவே. அதற்குப் பொதுவான ஒரு மூதாதை இல்லை. திராம்ப்ளே போன்று ஒரே வேருடைய கியூபெக் குடும்பங்களோ அறிவியலுக்குப் பொக்கிஷம். எந்த ஆண்டு எந்தக் கிளை பிரிந்தது என்று ஏடு சொல்லிவிடுவதால், ஒய் குரோமோசோமில் எழுத்துப்பிழை போன்ற மாற்றங்கள் எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை நேர்கின்றன என்று கணக்கிட 1997ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் இத்தகைய கியூபெக் குடும்பங்களையே நாடினர்.

தாய்வழிக்கும் இப்படி ஒன்று உண்டு. உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பிலுள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்தே வருகிறது. மகனுக்கும் மகளுக்கும் கிடைக்கும். ஆனால் மகள்தான் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியும். ஒசானின் நான்கு மகன்களோடு ஆண்வழியில் அவருடைய அந்தச் சொத்து நின்றுவிட்டது. மகள்வழிப் பேத்திகள், அவர்களின் பேத்திகள் என்று வேறு வேறு பெயர்களுக்குள் அது மறைந்து சென்றது. பங்கு ஏட்டில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் இருந்திராவிட்டால் அந்த வழியைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இதற்கு ஓர் உண்மைச் சான்று: இளம் வயதில் பார்வையைப் பறிக்கும் லேபர் நரம்பு நோயுடைய கியூபெக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, அவர்களில் பெரும்பாலோரின் தாய்வழி, 1669ஆம் ஆண்டு கியூபெக் நகரில் மணம் முடித்த 'அரசரின் புதல்வி' ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. அந்நோய் பெரும்பாலும் ஆண்களையே தாக்குகிறது, கடத்துவதோ பெண்கள். மகன்மார் தாக்குண்டாலும் மகள்மார் நலமாக வாழ்ந்து பிள்ளை பெறுவதால், அக்குறை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மறைந்து போகாமல் நீடித்தது என்று 2017ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது.

சாகனே மக்களுக்கு இதைவிட நெருக்கமான கவலை வேறு உண்டு. பெரிய மூட்டைப் பயற்றில் ஆங்காங்கே சில கறுத்த மணிகள் இருக்கலாம். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து விதைக்கிறோம். அந்தக் கைப்பிடியில் தற்செயலாக ஒரு கறுத்த மணி விழுந்துவிட்டால், அந்த வயலின் விளைச்சலில் கறுத்த மணிகளின் விகிதம் மூட்டையில் இருந்ததைவிடப் பலமடங்காகும். ஐரோப்பாவில் அரிதான சில மரபணுக் குறைகள், குடியேறிய ஒருசிலரோடு வந்து, ஷார்ல்வுவாவிலும் சாகனேயிலும் இப்படித்தான் பெருகின. இதனை அறிவியலார் 'நிறுவனர் விளைவு' என்பர். டைரோசினீமியா என்பது அவற்றுள் ஒன்று. உணவிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி இல்லாமையால் குழந்தையின் கல்லீரல் கெடும். சாகனேயில் சுமார் இருபது பேரில் ஒருவர், தமக்கு எந்த நோயும் இல்லாமலே, இந்தக் குறையுள்ள மரபணு ஒன்றைச் சுமக்கிறார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கணிதம் விரும்பும் மாணவிகள் பெருக்கிப் பார்க்கலாம்: 20 × 20 × 4 = 1,600. மருத்துவர்கள் உண்மையில் கண்ட எண்ணிக்கை 1,846 பிறப்புக்கு ஒன்று. ஏட்டுக் கணக்கும் தொட்டில் கணக்கும் எவ்வளவு நெருங்கி வருகின்றன!

அங்குள்ளவர்கள் நெருங்கிய சொந்தத்திலேயே மணம் செய்வதால்தான் இந்நோய்கள் என்று வெளியூரார் பேசுவது உண்டு. அது சரியன்று. இரத்த உறவில் மணம் செய்யத் திருச்சபையின் விதிவிலக்கு தேவை. விதிவிலக்கு கொடுத்தால் அதையும் குரு ஏட்டில் எழுதுவார். அந்தக் குறிப்புகளை எண்ணிப் பார்த்தபோது, சாகனேயில் நெருங்கிய உறவுமுறைத் திருமணங்கள் மற்ற இடங்களைவிட மிகுதி அல்ல என்று தெரிந்தது. தூரத்து முன்னோர் பொதுவாக இருப்பதே காரணம். திராம்ப்ளே என்ற பெயரும் நோய்க்குக் காரணமன்று. அந்தப் பெயர் இல்லாதவருக்கும் அதே முன்னோர் உண்டு என்று மேலே கண்டோம்.

ஷார்ல்வுவா-சாகனே என்ற ஊர்ப்பெயர்களையே தாங்கி நிற்கும் நடைத்தள்ளாட்ட நோய் ஒன்றும் உண்டு. 1978ஆம் ஆண்டு மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. அதற்கு இன்னும் முழுத் தீர்வு கிட்டவில்லை. டைரோசினீமியாவுக்கு நல்ல காலம் பிறந்தது. 1970களின் தொடக்கத்திலிருந்தே கியூபெக்கில் பிறந்த குழந்தைகளின் ஒரு துளி இரத்தத்தை எடுத்து இந்நோய் உள்ளதா என்று பார்த்துவிடுகிறார்கள். 1994 முதல் நிட்டிசினோன் என்ற மருந்தும் அங்கே வழக்கத்திற்கு வந்தது. களைக்கொல்லி தேடிய ஆராய்ச்சியில் பிறந்த மருந்து அது! மாற்றுக் கல்லீரலை மட்டுமே நம்பியிருந்த குழந்தைகள் இன்று மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் வளர்ந்து ஆளாகிறார்கள். 2010ஆம் ஆண்டில் சாகனே பகுதியில், இத்தகைய நான்கு நோய்களின் மரபணுவைச் சுமக்கிறோமா என்று திருமணத்திற்கு முன்போ குழந்தைப்பேற்றுக்கு முன்போ இலவசமாகச் சோதித்துக்கொள்ளும் வசதியும் தொடங்கப்பட்டது.

2023ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இன்னும் பழைய காரணம் ஒன்றைச் சுட்டியது. ஷார்ல்வுவாவின் பள்ளத்தாக்கு, நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு விண்கல் விழுந்து உண்டாக்கிய பெருங்குழி. மலைகளுக்கிடையே பயிர் செய்ய ஏற்ற நிலம் அந்தக் குழியின் ஓரத்திலேயே கிடைத்ததால் மக்கள் அங்கே நெருங்கிக் குடியேறினர். அவர்களுடைய மரபணுக்களின் போக்கு ஆறுகளின் போக்கை ஒட்டியே அமைந்திருப்பதை அந்த ஆய்வாளர்கள் படமாக வரைந்து காட்டினார்கள்.

பியேர் விட்டுச் சென்ற ராந்தொனே 2016ஆம் ஆண்டு அண்டை ஊரான தூரூவ்ரோடு இணைக்கப்பட்டது. தூரூவ்ரில், கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். அவ்வூர்க் கோவிலின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில், கிராமத்தார் விடைபெற்றுப் புறப்படும் காட்சியைக் காணலாம். தங்கள் முன்னோரின் ஊரைப் பார்க்கக் கடல் கடந்து வருகிறவர்கள் அங்கே நின்று பெயர்களைத் தேடுகிறார்கள்.

பெயர் பற்றிய சட்டமும் மாறிவிட்டது. பிரான்சில் 2005ஆம் ஆண்டு முதல் பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரை இடவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. கியூபெக்கில் 1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல், மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரையே சட்டப்படி வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குத் தாயின் பெயர், தந்தையின் பெயர், அல்லது இரண்டையும் சேர்த்து இடலாம். லாஞ்ச் கார்தியன் பங்குக் குரு 1707ஆம் ஆண்டு ஒசான் ஆஷோனின் பெயரை எழுதிய முறைக்கே சட்டம் திரும்பி வந்திருக்கிறது.